கடன்பட்ட மண்ணுக்கு ஒரு வாத்தியார்: ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர்

நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் என்று பலரும் சொல்வார்கள். அந்தப் பதில் தவறு. கடலையை அரைத்துப் பசையாக்கும் முறைக்குக் கனடாவைச் சேர்ந்த மார்செல்லஸ் எட்சன் 1884-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். அந்த ஆண்டில் கார்வர் மேற்படிப்புக்கு வழி தேடிக்கொண்டிருந்த ஓர் ஏழை இளைஞர்.

கார்வர் செய்த வேலை வேறு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்ற சிற்றூரில் இருந்த கல்லூரியில் 47 ஆண்டுகள் விவசாய ஆசிரியராக இருந்தார். அவருடைய உண்மையான மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்தார்கள். சொந்த நிலம் இல்லாமல், கடைக்காரரிடம் கடன்பட்டு, செத்துப்போன மண்ணில் பருத்தி போட்டுக்கொண்டிருந்த கறுப்பின விவசாயிகள் அவர்கள். காசில்லாதவன் எப்படி விவசாயம் செய்வது, எப்படி வயிறாரச் சாப்பிடுவது என்பதுதான் கார்வர் வாழ்நாள் முழுவதும் நடத்திய பாடம்.

தாயைப் பறிகொடுத்த குழந்தை

கார்வர் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. 1864-ஆம் ஆண்டு வாக்கில் மிசூரி மாநிலத்தில், டயமண்ட் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் பிறந்தார் என்பது மட்டுமே கணிப்பு. அடிமைகளின் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியை எழுதி வைக்கும் வழக்கம் அன்று இல்லை. தாயார் பெயர் மேரி. பண்ணைக்காரரான மோசஸ் கார்வர் 1855-இல் 700 டாலர் கொடுத்து அவரை வாங்கியிருந்தார். தந்தை பக்கத்துப் பண்ணை ஒன்றில் அடிமையாக இருந்தவர். பிள்ளைக்கு நினைவு தெரியும் முன்பே விபத்தில் இறந்துபோனார்.

அது அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம். இரவில் வந்த கொள்ளையர் மேரியையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அடிமைகளைத் திருடி வேறு மாநிலத்தில் விற்பது அவர்களுக்குத் தொழில். மோசஸ் கார்வர் ஆள் அனுப்பித் தேடினார். குழந்தை மட்டும் கிடைத்தது. தேடிப்போனவருக்குக் கூலியாக ஒரு பந்தயக் குதிரை கொடுக்கப்பட்டது. தாய் என்ன ஆனார் என்பது கடைசி வரை தெரியவில்லை.

போர் முடிந்தது, அடிமை முறையும் ஒழிந்தது. மோசஸும் அவர் மனைவி சூசனும் ஜோர்ஜையும் அவன் அண்ணன் ஜிம்மையும் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். ஜிம் திடகாத்திரமானவன், காட்டு வேலைக்குப் போனான். ஜோர்ஜ் கக்குவான் இருமலில் அடிபட்ட நோஞ்சான் பிள்ளை. அதனால் சூசனோடு வீட்டிலிருந்து சமைக்கவும், துவைக்கவும், தைக்கவும் கற்றுக்கொண்டான். மிச்ச நேரமெல்லாம் செடிகளோடுதான். வாடிய செடியைக் கொண்டுவந்து கொடுத்தால் பிழைக்க வைத்துவிடுவான் என்று அக்கம் பக்கத்தில் பேரெடுத்தான்.

பள்ளிக்கூடத்தைத் தேடி நடந்தவன்

எழுத்துக் கூட்டி வாசிக்கச் சூசன் கற்றுக்கொடுத்தார். அதற்கு மேல் படிக்க வழியில்லை. உள்ளூர்ப் பள்ளி வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமே. எட்டு, பத்து மைல் தள்ளி நியோஷோ என்ற ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருப்பதாகக் கேள்விப்பட்டு, சிறுவன் தனியாக நடந்தே போனான். அங்கே மரியா வாட்கின்ஸ் என்ற மருத்துவச்சி அவனைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டார். துணி வெளுக்கும் வேலையில் அவருக்கு உதவி செய்துகொண்டே படித்தான்.

பிறகு கான்சஸ் மாநிலம். 1879-இல் ஃபோர்ட் ஸ்காட் நகரில் கறுப்பினத்தவர் ஒருவரை வெள்ளையர் கும்பல் இழுத்துவந்து கொன்றதை ஜோர்ஜ் தன் கண்ணால் பார்த்தார். அப்போது அவருக்கு 15 வயது இருக்கலாம். அன்றே அந்த ஊரை விட்டு வெளியேறினார். ஊர் ஊராகப் போய், சமையல் வேலையும் சலவை வேலையும் செய்து, ஒருவழியாக உயர்நிலைப் பள்ளிப் படிப்பை எட்டினார்.

ஹைலண்ட் என்ற ஊரில் இருந்த கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதினார். இடம் உண்டு என்று கடிதம் வந்தது. மூட்டை முடிச்சுடன் போய் நின்றபோது, கறுப்பர் என்று தெரிந்ததும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

அந்த அடியில் படிப்பு ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு, 1886-இல் அரசாங்கம் குடியேறிகளுக்கு வழங்கிய 160 ஏக்கர் நிலத்துக்கு மனுப் போட்டு விவசாயத்தில் இறங்கினார். மேற்கு கான்சஸின் மரமற்ற வெட்டவெளி அது. புல்தரையை வெட்டியெடுத்துச் சுவராக அடுக்கி வீடு கட்டினார். 17 ஏக்கரைக் கைப்பாடாக உழுது சோளமும் காய்கறியும் போட்டார். வறட்சியும் பனிப்புயலும் மாறி மாறி வந்தன. 1888-இல் 300 டாலர் கடன் வாங்கினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நிலத்தை விட்டுக் கிளம்பினார். விவசாயியின் கடன் என்றால் என்ன என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஓவியரா, விவசாயியா?

1890-இல் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் அங்கே படிக்கப் போனது ஓவியமும் பியானோவும். பூக்களையும் செடிகளையும் உயிருள்ளவை போலத் தீட்டினார். அவர் வரைந்த ஓவியம் ஒன்று 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பாராட்டும் பெற்றது.

ஓவிய ஆசிரியை எட்டா பட் மாணவரின் திறமையைக் கண்டு மகிழ்ந்தாலும், ஒரு கறுப்பின இளைஞர் ஓவியம் வரைந்து வயிற்றைக் கழுவ முடியுமா என்று கவலைப்பட்டார். அவருடைய தந்தை ஏம்ஸ் நகரில் இருந்த அயோவா விவசாயக் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். ஆசிரியையின் தூண்டுதலால் 1891-இல் கார்வர் அங்கே சேர்ந்தார். அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர் அவர்தான். 1894-இல் இளங்கலைப் பட்டமும் 1896-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். இடைப்பட்ட காலத்தில் அக்கல்லூரியின் முதல் கறுப்பின ஆசிரியராகவும் நியமிக்கப்பட்டார்.

அங்கே ஒரு பேராசிரியரின் சிறுவயது மகன், செடி பறிக்கப் போகும் கார்வரின் பின்னாலேயே சுற்றுவான். அவனுக்கு ஒவ்வொரு செடியின் பெயரையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார் கார்வர். அந்தச் சிறுவன் ஹென்றி வாலஸ் பிற்காலத்தில் அமெரிக்காவின் விவசாய அமைச்சராகி, துணை அதிபராகவும் உயர்ந்தார்.

ஏம்ஸ் நகரிலேயே இருந்திருந்தால் கார்வர் நல்ல ஆய்வுக்கூடத்தோடு வசதியாக வாழ்ந்திருக்கலாம். 1896-இல் புக்கர் டி. வாஷிங்டனிடமிருந்து அழைப்பு வந்தது. அவரும் அடிமையாகப் பிறந்தவர்; கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1881-இல் டஸ்கீகி கல்லூரியைத் தொடங்கியவர். கார்வர் தெற்கே புறப்பட்டார்.

வாசற்படி வரை பருத்தி

டஸ்கீகியில் ஆய்வுக்கூடம் என்று ஒன்று இல்லை. கார்வர் மாணவர்களைக் குப்பைமேடுகளுக்கு அனுப்பினார். உடைந்த புட்டிகள், பழைய சட்டிகள், மூடிகள், கம்பிகள் எல்லாம் வந்து சேர்ந்தன. அவற்றை அறுத்தும் ஒட்டவைத்தும் ஆய்வுக் கருவிகளாக்கினார். இல்லை என்று சொல்லி உட்காராதே, கையில் இருப்பதைக் கொண்டு ஆரம்பி என்பது மாணவர்கள் அவரிடம் கற்ற முதல் பாடமாயிற்று.

வெளியே போய்ப் பார்த்தபோது நிலைமை இன்னும் மோசம். அடிமை முறை ஒழிந்து முப்பது ஆண்டுகள் ஆகியும், பெரும்பாலான கறுப்பின விவசாயிகளுக்குச் சொந்த நிலம் கிடையாது. நிலக்காரருக்கு விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுதார்கள். விதை, உரம், மாவு, துணி எல்லாம் கடையில் பற்று. வரப்போகும் பருத்திதான் ஈடு. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால், வட்டியும் விலையும் சேர்ந்து விளைந்ததையெல்லாம் விழுங்கியிருக்கும். மிச்சக் கடன் அடுத்த ஆண்டுக்குப் போகும். தோட்டத்துக் கடையில் பற்றுப் புத்தகம் வைத்திருந்து, சம்பள நாளன்று வெறுங்கையோடு வீடு திரும்பிய பெற்றோரைப் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கடன் கொடுத்தவர்களுக்குப் பருத்திதான் வேண்டும். சந்தையில் உடனே காசாகும் பயிர் அது. ஆகவே வீட்டு வாசற்படி வரை பருத்தி போட்டார்கள். காய்கறிக்கு இடமில்லை, மாடு கோழிக்கு வழியில்லை. கடையில் வாங்கிய சோள மாவு, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, சர்க்கரைப் பாகு என இவைதான் மூன்று வேளைச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டால் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி தடுமாறும் பெலாக்ரா என்ற நோய் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கியது. ஆண்டுதோறும் பருத்தியே போட்டதால் மண்ணும் சக்கையாகிப் போயிருந்தது. மழை வந்தால் மேல்மண் அரித்து ஓடும். மனிதனும் பட்டினி, மண்ணும் பட்டினி.

காசில்லாதவனின் விவசாயம்

மாநில அரசு 1897-இல் டஸ்கீகியில் விவசாய ஆய்வு நிலையம் அமைக்க அனுமதித்தது. கார்வருக்குக் கிடைத்தது சுமார் 10 ஏக்கர் வறண்ட நிலம். சாக்கு மூட்டையில் உரம் வாங்கிப் போட்டு விளைச்சல் காட்டுவதில் அவருக்கு ஆர்வமில்லை. ஏழை விவசாயி அதை வாங்க முடியாதே! காட்டில் உதிர்ந்த இலை, சதுப்பு நிலத்துச் சேறு, மாட்டுச் சாணம், வீட்டுக் குப்பை ஆகியவற்றை மக்கவைத்துப் போட்டார். ஆழ உழுதார். பருத்திக்கு ஓய்வு கொடுத்து, இடையில் தட்டைப்பயறு, நிலக்கடலை போன்ற பயிர்களைப் போட்டார்.

காரணம் எளிமையானது. பயறு வகைச் செடிகளின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். அறுவடைக்குப் பின் செடியை மண்ணிலேயே மடக்கி உழுதால் அந்தச் சத்து நிலத்துக்கே சேரும். பருத்தி உறிஞ்சியதைப் பயறு திருப்பித் தருகிறது. அதோடு வீட்டில் ஒரு பானைச் சாப்பாடும் மிஞ்சுகிறது. செலவு விதைக்கு மட்டும்.

இதை விவசாயிகளிடம் கொண்டுபோக அவர் சிறு வெளியீடுகளை எழுதினார். 1898 தொடங்கி மொத்தம் 44 வெளியீடுகள். முதலாவது, கருவாலி மரத்துக் கொட்டைகளைக் கால்நடைத் தீவனமாக்குவது பற்றியது. காட்டில் இலவசமாகக் கிடக்கும் கொட்டை அது. சாரமிழந்த மண்ணைச் சீராக்குவது எப்படி என்று 1905-இல் எழுதினார். 1916-இல் வந்த வெளியீடு நிலக்கடலை பயிரிடும் முறையோடு 105 சமையல் குறிப்புகளையும் சேர்த்துத் தந்தது. விவசாயிக்குப் பயிர்முறை, இல்லத்தரசிக்குச் சமையல், ஆசிரியருக்குப் பாடம் என்று மூவருக்கும் புரியும்படி எழுதுவது அவர் பாணி.

படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது? கார்வர் வார இறுதிகளில் வண்டி கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போவார். 1906-இல் நியூயார்க் செல்வந்தர் மோரிஸ் ஜெசப் அளித்த நன்கொடையில், கலப்பை, விதை, வெண்ணெய் கடையும் இயந்திரம் எல்லாம் ஏற்றிய ஒரு நடமாடும் பள்ளியே உருவானது. ஜெசப் வண்டி என்று அதற்குப் பெயர். கார்வரின் மாணவர் தோமஸ் கேம்பல் அதை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். வயலிலேயே வண்டியை நிறுத்தி, உழுது காட்டி, பழம் பதப்படுத்திக் காட்டி, கோழிக்கூடு கட்டிக் காட்டினார்கள். உள்ளூர்க் களிமண்ணிலிருந்து சாயம் எடுத்து வீட்டுக்கு வர்ணம் பூசவும் கார்வர் வழி சொன்னார். காசு செலவில்லாமல் குடிசைக்கு ஓர் அழகு வந்தது.

வண்டு சொன்ன பாடம்

1910-ஆம் ஆண்டு வாக்கில் பருத்திக்காய்க்குள் முட்டையிட்டு அழிக்கும் கூன்வண்டு அலபாமாவுக்குள் நுழைந்தது. மெக்சிகோவிலிருந்து கிளம்பி மாநிலம் மாநிலமாக வந்த பூச்சி அது. பருத்தியை மட்டுமே நம்பியிருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். கார்வர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த நிலக்கடலையும் சக்கரவள்ளிக் கிழங்கும் அப்போதுதான் பலருக்கு நினைவு வந்தன. அலபாமாவின் என்டர்பிரைஸ் நகரில், கடலைப் பயிருக்குத் தங்களைத் திருப்பிவிட்ட அந்த வண்டுக்கு நன்றி சொல்லி 1919-இல் நினைவுச் சின்னமே எழுப்பினார்கள்.

நிலக்கடலை பெருகியதன் முழுப் பெருமையும் கார்வருக்குச் சேராது. வண்டும், முதல் உலகப் போர்க் காலத்து எண்ணெய்த் தேவையும் பெரிய காரணங்கள். விளைந்த கடலையை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடியதுதான் கார்வரின் பங்கு. பால், மாவு, இனிப்பு, சாயம், சோப்பு, மை என்று கடலையிலிருந்து ஏறத்தாழ 300 பொருள்களை அவர் செய்து பார்த்ததாகச் சொல்வார்கள். அவற்றில் பல பழைய சமையல் முறைகளே. தொழிற்சாலைக்குப் போய்ச் சந்தையில் நின்றவை மிகக் குறைவு. வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே மூன்று.

1921 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின்முன் கடலை விவசாயிகளுக்காகப் பேச அவர் அழைக்கப்பட்டார். ஒதுக்கப்பட்ட நேரம் 10 நிமிடம். தொடக்கத்தில் சில உறுப்பினர்கள் அவர் நிறத்தை வைத்துக் கிண்டல் செய்தார்கள். அவர் கோபப்படாமல் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்து விளக்கினார். நேரத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். முடிவில் அவையே கைதட்டியது. மறு ஆண்டு வந்த சுங்கவரிச் சட்டத்தில் இறக்குமதிக் கடலைக்கு வரி விதிக்கப்பட்டது. அன்றிலிருந்து நாடே அறிந்த பெயரானது கார்வர்.

குறையும் நிறையும்

அவரும் குறைகள் உள்ள மனிதர்தான். நிர்வாகம் அவருக்கு வராது. கல்லூரியின் கோழிப் பண்ணையைக் கவனிக்கும் பொறுப்பில் கணக்கு உதைத்தது, புக்கர் டி. வாஷிங்டனோடு அடிக்கடி உரசல். வேலையை விட்டுப் போகிறேன் என்று பலமுறை எழுதிக் கொடுத்தும், போகவில்லை. கறுப்பினத்தவரின் உரிமைக்காக வெளிப்படையாகக் குரல் கொடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் அவர்மேல் உண்டு. புகழ் பெற்ற பிறகும் ரயிலில் கறுப்பருக்கு ஒதுக்கிய பெட்டியில்தான் அவர் பயணம் செய்ய வேண்டியிருந்தது.

கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் எழுந்து காட்டுப் பக்கம் நடந்து செடி சேகரிப்பார். பழைய கோட்டு ஒன்றையே ஆண்டுக்கணக்கில் போட்டிருப்பார். ஆனால் அதன் மார்பில் தினமும் ஒரு புதுப்பூ இருக்கும். சம்பளக் காசோலைகளை வங்கியில் போட மறந்து மேசை அறையிலேயே கிடக்கவிடுவார். விவசாயிகள் கடிதம் எழுதிக் கேட்கும் யோசனைக்குப் பணம் வாங்க மாட்டார். காந்தியடிகளுக்கும் சத்துணவு பற்றிய குறிப்புகளை அவர் அனுப்பியிருக்கிறார். மோட்டார் வாகன முதலாளி ஹென்றி ஃபோர்டு முதுமைக் காலத்தில் அவருக்கு நெருங்கிய நண்பரானார்.

இப்படிச் செலவழிக்காமல் சேர்ந்த சுமார் 60,000 டாலரையும் தம் பெயரில் அமைந்த ஆய்வு அறக்கட்டளைக்கே கொடுத்தார். படியில் தவறி விழுந்து உடல் நலிந்து, 1943 ஜனவரி 5-ஆம் தேதி டஸ்கீகியில் காலமானார். புக்கர் டி. வாஷிங்டனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில், அவர் பிறந்த மிசூரிப் பண்ணை தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் ஒருவருக்காக அமைந்த முதல் தேசிய நினைவிடம் அது. 700 டாலருக்கு அவர் தாயை விலைபேசி வாங்கிக் கொண்டுவந்த அதே நிலம்.

கடலை வெண்ணெய்க் கதை பொய்யாகப் போனாலும் கார்வருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. வாசற்படி வரை கடன்காரருக்காகப் பயிரிட்டவனிடம், வீட்டின் பின்புறம் ஒரு பாத்தி உனக்காகப் போடு என்று சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர். அந்தப் பாத்தியில் விளைந்தது கடையின் பற்றுப் புத்தகத்தில் ஏறவில்லை. அடுப்பில் ஏறியது.